மூன்றாம் ஓலை

அந்த அறையில் அன்று மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. ஓடியது என்றுதான் வெகுநாள் சொல்லிவந்தேன். அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை என்று, அப்போது பெற்றோர் பிரதிநிதியாக இருந்த யசோதரா அடித்துச் சொல்கிறார். அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு. எனக்கு அமைதி பிடிக்கும். பிடித்ததை மனம் ஊதிப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளும். நான் சொல்லும் நீளத்தில் பாதியைக் கழித்துவிட்டுப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்ததில் மட்டும் ஐயமில்லை. லியோனார்ட் அவர்கள், தாம் கட்டிய பள்ளியின் தாளாளர் பதவியிலிருந்து தம்மையே, தம் வாயாலேயே வாசித்து, வெளியேற்றிக்கொண்டார்.

ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்குப் போகும் வழியில், கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை பிடித்து நிற்கும் சாலைக்கு உள்ளே தள்ளி இருக்கிறது பள்ளி. லியோனார்ட் மெமோரியல் மெட்ரிகுலேஷன் பள்ளி என்று பெயர். உயிரோடு இருப்பவருக்கு நினைவுப் பள்ளியா என்று கேட்பவர்களிடம், அது என் தாத்தா பெயர் என்பார். தாத்தாவின் பெயர் சிலுவைமுத்து என்பதை அவருடைய சொந்த அக்காவே ஒருநாள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலையில் இருந்தவர். மீன்பிடிக்கிறவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க யாரும் முன்வராத நாளில், வலை போட்டு வைக்கும் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து வகுப்பு தொடங்கினார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. அதை மறக்கவும் அவர் யாரையும் விட்டதில்லை.

பள்ளி வளர்ந்ததும் சட்டம் ஓர் ஆட்சிக்குழு கேட்டது. ஆட்சிக்குழு என்றால் தாளாளரைத் தட்டிக் கேட்கக்கூடிய ஆட்கள். லியோனார்ட் யோசித்து, பேசாத ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கினார். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தேசப்பன், அவருடைய பழைய தோஸ்து. நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் இருந்ததால் பேச்சு பயனில்லை என்ற முடிவுக்கு வந்தவர். காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் கமால் பாய், கூட்டத்தில் உட்கார்ந்தவுடன் தூங்குவார். மூன்றாவது, அக்கா வியாகுலம்மாள், செபமாலை உருட்டுவார். ஆசிரியர் பிரதிநிதியாக ஒருவர் வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. ஆசிரியர் அறையில் யார் குறைவாகப் பேசுவது என்று விசாரித்து, தமிழாசிரியனான என்னைப் பிடித்தார். போதாததற்கு விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார். ஆசிரியர் பிரதிநிதி கூட்டத்தில் அமரலாம், கேட்கலாம். பேசும் உரிமை கிடையாது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பொருத்தமான பதவி அது ஒன்றுதான்.

கூட்டத்தில் கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் இல்லை. அது கட்சிக்காரன் வேலை என்பார் லியோனார்ட். அவர் மாதா கோயிலில் பார்த்து வளர்ந்த முறை ஒன்று இருந்தது. கலியாணத்துக்கு முன்பு, ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருப்பவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் மூன்று வாரம் ஓலை வாசிப்பார். மூன்றாம் ஓலைக்கும் யாரும் வாய் திறக்காவிட்டால் கலியாணம்தான். அதையே பள்ளிக்கும் வைத்துக்கொண்டார். தீர்மானத்தைத் தாளாளர் மூன்று கூட்டத்தில் வாசிப்பார். தடை உண்டா என்று கேட்பார். மேசைமேல் ஒரு பித்தளை மணி இருக்கும். மூன்றாம் முறையும் அமைதி என்றால் மணியை ஒரு தட்டு. நிறைவேறிவிட்டது. வாசித்த ஓலையைத் திரும்பப் பெற முடியாது, நிறைவேறியதை யாராலும் மாற்ற முடியாது என்பதும் விதி. பேசாதவர்களைக் கூட்டிவைத்து, பேசாவிட்டால் சம்மதம் என்று சட்டம் போட்ட மூளையை நான் உள்ளூர மெச்சியிருக்கிறேன்.

இந்த முறைமை ஒரே ஒரு தடவைதான் இடறியது. துணை முதல்வர் ஜானட் டீச்சரைப் பதவி இறக்கும் தீர்மானத்தை, தமக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி, ஜானட் டீச்சர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்து முடித்து, எனக்கே தடை இருக்கிறது சார் என்றார். லியோனார்ட் சிரித்தார். சாமியார், தான் வாசிக்கிற ஓலைக்குத் தானே தடை சொல்வாரா, டீச்சர்? அடுத்த மூன்று மாதமும் வாசித்து அதையும் விதியாக்கினார்: ஓலை வாசிப்பவர் தடை சொல்லக் கூடாது. ஜானட் டீச்சர் வேலையை விட்டுப் போனார். தேசப்பன் ஒரு சமோசா எடுத்துக்கொண்டார்.

பிறகு சிலை வந்தது.

கல்வித் தந்தை லியோனார்ட் அவர்களுக்கு மார்பளவுச் சிலை அமைப்பது என்று லியோனார்ட் அவர்களே மூன்று மாதம் வாசித்தார். மூன்று மாதமும் அமைதி. எங்கே வைப்பது என்பது தீர்மானத்தில் இல்லை. பள்ளி முற்றத்தில் தரை உறுதியாக இருந்தது ஓரிடத்தில் மட்டும். அங்கே மேஸ்திரி பீடத்தைக் கட்டினார். தரை அங்கே உறுதியாக இருந்ததற்குக் காரணம், அடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சம்ப் மூடியின் மேல் பீடம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓரத்தில் ஒரு கை நுழையும் சந்து மிஞ்சியது. தண்ணீர் லாரியின் குழாய் அதில் போகாது.

அதன்பின் லாரிக்காரர் டிரம்மில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அது குடிக்கத்தான் ஆகும். கழிப்பறைகளைக் காலையில் திறந்து, பத்து மணிக்குப் பூட்டினார்கள். சிலைக்கு மட்டும் தினம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது. கடல் காற்றில் உப்புப் பூத்து, கல்வித் தந்தையின் மூக்கு வெளுத்துக்கொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில் பெற்றோர் பிரதிநிதி ஒருவர் கட்டாயம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பெற்றோர் கூட்டத்தில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த யசோதராவை லியோனார்ட் கைகாட்டினார். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வீடு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. மகள் மகிழினி ஆறாம் வகுப்பு. பள்ளியில் கழிப்பறை போக முடியாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்திருந்தன. யசோதரா பேசாமல் உட்கார்ந்திருந்தது பேசத் தெரியாததால் அல்ல, சமயம் பார்த்துக்கொண்டிருந்ததால். லியோனார்ட் அவர்களுக்கு இந்த இரண்டுவகை அமைதிக்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் கூட்டத்திலேயே யசோதரா பீடத்தை நகர்த்த முடியுமா என்று கேட்டார். இது ஓலை வாசிக்கிற இடம், கேள்வி கேட்கிற இடம் இல்லை என்றார் லியோனார்ட். சிலையை நகர்த்துவது பற்றி ஓலை கொடுத்தால் வாசிப்பீர்களா? நிறைவேறியதை மாற்ற முடியாதே, அம்மா. இடம் தீர்மானத்தில் இல்லையே, தாளாளர் நினைத்தால்? தாளாளர் நினைத்தால் முடியும், ஆனால் தாளாளர் அப்படி நினைக்க மாட்டார்.

யசோதரா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதம் ஓர் ஓலையோடு வந்தார். கஸ்டம்ஸ் அதிகாரிகளுக்கு மனம் கோணாமல் கடிதம் எழுதிப் பழகிய கை அது.

லியோனார்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "கல்வித் தந்தை, கல்விக் கொடை வள்ளல், வடசென்னையின் விடிவெள்ளி, டாக்டர் லியோனார்ட் அவர்களின் அளப்பரிய தொண்டினைப் பாராட்டி, அன்னாரை இப்பள்ளியின் ஆயுட்காலப் பெரும்புரவலராக உயர்த்தி, தாளாளர் எனும் அன்றாடச் சுமையிலிருந்து அன்னாரை விடுவித்து, இந்த ஆட்சிக்குழு மகிழ்கிறது."

விடிவெள்ளி அதுவரை யாரும் கொடுக்காத பட்டம். அந்த இடம் வந்ததும் அதை இரண்டு முறை வாசித்தார். அதற்குப் பின்னால் வந்ததை அவர் வாசித்தாரே தவிர, கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை, கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. எனக்கு அப்போதே புரிந்தது. எனக்குப் பேசும் உரிமை இல்லை.

முதல் ஓலை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனதால், இரண்டாம் ஓலையை ஆண்டுவிழாவில் வைத்தார். ஆட்சிக்குழுவை மேடையிலேயே கூட்டி, மைக் முன்னால் நின்று, பட்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தார். பெற்றோர் கைதட்டினார்கள். தடை உண்டா என்று கேட்டதற்கும் கைதட்டினார்கள். பூரிப்பில், பள்ளி தொடங்கிய காலத்தில் தோள்கொடுத்தவர்களை நினைவுகூர்ந்தார். இன்று நம்மிடையே இல்லாத என் ஆருயிர் நண்பர் தேசப்பன் என்று சொல்லி ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். பின்னால் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேசப்பனும் எழுந்து நின்றார்.

விழா முடிந்து காரில் ஏறும்போதுதான் மகன் பிராங்கிளின் சொன்னான். தண்டையார்பேட்டையில் ஜிம் நடத்துபவன். அப்பாவுக்குப் பின் தாளாளர் தானே என்று இருந்தவன்.

"டாடி, நீ இன்னா படிச்சேன்னு உனுக்குத் தெரிதா?"

"இன்னாத்த? விடிவெள்ளின்னு போட்டுக்கீறாங்க."

"அதுக்கு அப்பால படி."

லியோனார்ட் காரின் உள்விளக்கைப் போட்டுப் படித்தார். அப்போது நானும் பின்சீட்டில் இருந்தேன். கூட்டத்துக்குப் பிறகு என்னை வீட்டில் இறக்கிவிடுவது அவர் வழக்கம், பதில் சொல்லாத ஆளிடம் பேசிக்கொண்டு வர அவருக்குப் பிடிக்கும். அன்று அந்தக் கடைசி வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் வக்கீலைப் பார்த்தார். விதிகளைப் பதிவு செய்தது யார் என்று வக்கீல் கேட்டார். நான்தான் என்றார் லியோனார்ட். வாசித்த ஓலையைத் திரும்பப் பெற முடியாது என்று எழுதியது? நான்தான். வாசிப்பவர் தடை சொல்லக் கூடாது என்றது? லியோனார்ட் தண்ணீர் கேட்டார். மூன்றாம் ஓலைக்கு ஆட்சிக்குழுவில் யாராவது ஒருவர் தடை என்று ஒரு சொல் சொன்னால் போதும், தீர்மானம் செத்துவிடும் என்றார் வக்கீல். ஒரே ஒரு சொல். அதைக் கேட்டு லியோனார்ட் தெம்பாக வெளியே வந்தார். ஒரு சொல்லுக்கா பஞ்சம், தமிழ் சார் என்று என்னைக் கேட்டார்.

ஒரு சொல் தேடி அவர் போன இடங்களுக்கெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பெரம்பூரில் தேசப்பன் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னா தேசு, கோவமா?"

"செத்தவனுக்கு இன்னா கோவம் நைனா. மாலை எடுத்தாந்தியா?"

"தப்பா வாயில வந்துட்ச்சிப்பா. ரொம்ப நாளா உன்ன பாக்கலியா, அதான்."

"மாசாமாசம் உன் எதிர்லதான குந்திக்கினு கீறேன்."

லியோனார்ட் ஓலை விஷயத்தைச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் ஒரு சொல் சொன்னால் போதும் என்றார். தேசப்பன் குச்சியை எறிந்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "பொணம் பேசிட்சின்னா ஜனங்க பயந்துக்கும், லியோ. வுடு." கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா வியாகுலம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தம்பி சொன்னதையெல்லாம் கேட்டார். தலை நிமிரவில்லை. பள்ளி வாசலில் மாதா சிலை வைத்த கெபி இருக்கிறதே, அதற்கு எத்தனை மாலை போடுகிறாய் என்று கேட்டார். சனிக்கிழமை ஒன்று என்றார் லியோனார்ட்.

"உன் செலைக்கு?"

லியோனார்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தேவமாதாக்கு வாரத்துக்கு ஒண்ணு. தொர தெனிக்கும் ஒண்ணு போட்டுக்கிறாரு. நான் யார்கிட்ட போய் தட சொல்றது, சொல்லு. ஏசுகிட்டயா?" வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் எடுத்தார்.

காரில் திரும்பும்போது, என்னையே பேச வைத்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. ஆசிரியர் பிரதிநிதிக்குப் பேசும் உரிமை கொடுத்துத் தீர்மானம் போட்டால்? அதற்கு மூன்று ஓலை வாசிக்க வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்பது அவருக்கே நினைவு வந்தது. என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். நீங்க நல்ல மன்சன் தமிழ் சார், ஆனா உங்களால ஒரு பிரயோஜனமும் இல்ல.

கடைசி நம்பிக்கை கமால் பாய். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டார். அவருடைய குறை சிலைக்குக் கீழே உள்ள கல்வெட்டு. முதல் பெயர் லியோனார்ட். பிறகு திறந்துவைத்தவர், பங்குச்சாமியார், கட்டிய மேஸ்திரி. கமால் பாய் ஐந்தாவது. பீடத்துக்கு மணலும் ஜல்லியும் அவர் லாரியில்தான் வந்திருந்தன.

"அத்த படிச்சிட்டு என் சம்மந்தி கேக்குறாரு, நீ மேஸ்திரிகிட்டயா வேல செய்றேன்னு. நான் இன்னா சொல்றது அண்ணே?"

இரண்டாவதாகப் போட்டுவிட்டால் தடை சொல்வாயா என்று லியோனார்ட் கேட்டார். கமால் பாய் நெஞ்சில் கைவைத்தார். சொல்றேன் அண்ணே. அந்த வாரமே பழைய கல்லைப் பெயர்த்துப் புதுக்கல் பதித்தார்கள். லியோனார்ட் மேலே, அதற்கு நேர் கீழே கமால். கமால் பாய் குடும்பத்தோடு வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் ஓலைக்கான சனிக்கிழமை வந்தது. லியோனார்ட் வெள்ளைச் சட்டை போட்டு, சென்ட் அடித்து, சிரித்த முகத்தோடு வந்தார். எல்லோருக்கும் சமோசா வைத்திருந்தது. அவர் ஓலையை எடுத்தார். வேகமாக, முணுமுணுத்துவிட்டு முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரால் முடியவில்லை. கல்வித் தந்தை என்று தொடங்கியதும் முதுகு நிமிர்ந்தது. வள்ளலில் குரல் ஏறியது. விடிவெள்ளியில், நான் சத்தியம் செய்யத் தயார், ஒரு கணம் நிறுத்தி எங்களைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் அதே குரலில், அதே கம்பீரத்தோடு வாசித்து முடித்தார்.

"தடை உண்டா?"

முதலில் கமால் பாயைப் பார்த்தார். அவர் அன்று தூங்கவில்லை. கண்ணைத் திறந்துவைத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. ஐந்தாவதாக இருந்தவரைக்கும் அவருக்கு மேலே நாலு பேர். இப்போது ஒரே ஒருவர். ஐந்தாவது ஆளுக்கு வராத ஆசை இரண்டாவது ஆளுக்கு வரும் என்பதை, கல்வெட்டை மாற்றும்போது லியோனார்ட் யோசிக்கவில்லை. கமால் பாய் வாய் திறக்கவில்லை.

தேசப்பன், இறந்தவருக்குரிய கண்ணியத்தோடு, அசையாமல் இருந்தார். யசோதரா தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு டிரெய்லர் பின்னால் வருவதற்கான பீப்பீ ஓசை கேட்டு, நின்றது. நான் அத்தனை காலம் அந்த அறையில் கேட்ட அமைதிகள் எல்லாம் சோம்பலின் அமைதிகள். இது அப்படி இல்லை. ஒவ்வொருவரும் தம் தம் அமைதியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லியோனார்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவந்து, என் முகத்திலும் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. கேட்கும் உரிமை உள்ளவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது வியாகுலம்மாள் தொண்டையைச் செருமினார்.

லியோனார்ட் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "சொல்லு அக்கா." குரல் ஒரு சின்னப் பையனுடையது போல இருந்தது.

"லாரிக்காரன் கீழ ஆரன் அடிச்சிக்கினு கீறான். மணிய அடி, லியோ. புள்ளைங்க தண்ணி புடிக்கட்டும்."

அவர் வெகுநேரம் மணியைப் பார்த்தார். அடிக்காமலே எழுந்து போயிருக்கலாம் என்று பிராங்கிளின் பிறகு திட்டினான். அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று விதியில் எங்கும் எழுதவில்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று விதி எழுதியவர் நினைத்ததில்லை. ஆனால் கூட்டம் என்றால் கடைசியில் மணி அடித்துத்தான் அவருக்குப் பழக்கம். விரல் தானாகப் போய்த் தட்டியது. தட்டிய பிறகு அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறு வாரம் கமால் பாய் தாளாளர் ஆனார். அதற்கும் மூன்று ஓலை வேண்டுமே என்று யசோதரா கேட்டார். இது அவசரம் என்றார் கமால் பாய். சிலையை நகர்த்தும் விஷயத்தில் மட்டும் அவசரம் இல்லாததால், அதை முறைப்படி மூன்று மாதம் வாசித்தார்கள். நடுவில் மழைக்காலம் வந்து ஒரு கூட்டம் தள்ளிப்போனது. மகிழினிக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. கடைசியில் பீடத்தைப் பெயர்த்து, சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக வைத்தார்கள். தொட்டி மூடி திறந்த அன்று உள்ளே எட்டிப் பார்த்தோம். அடியில் செத்த பெருச்சாளி ஒன்று கிடந்தது. சுத்தம் செய்து தண்ணீர் விட இன்னும் ஒரு மாதம் ஆனது.

லியோனார்ட் இப்போது பெரும்புரவலர். ஆண்டுவிழாவில் முதல் வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள், மைக் தருவதில்லை. பிராங்கிளின் ஜிம்மை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போனான். கமால் பாய் தாளாளராக இருக்கிறார், கட்டணத்தை இரண்டு முறை உயர்த்தினார், தடை வரவில்லை. தேசப்பன் நலமாக இருக்கிறார், ஆட்சிக்குழுவில் தொடர்கிறார். வியாகுலம்மாள் முழங்கால் வலியால் கூட்டத்துக்கு வருவதில்லை. ஜானட் டீச்சர் அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கு முதல்வர். யசோதரா, தொட்டி திறப்பதற்கு முன்பே, மகளை வீட்டுக்கு அருகில் உள்ள மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றிவிட்டார். மகள் இங்கே படிக்காததால் பெற்றோர் பிரதிநிதி பதவியும் போயிற்று. மகிழினிக்கு அதன்பின் அந்தக் காய்ச்சல் வரவில்லை. நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன்.